தை முகூர்த்தத்துக்கு முன்

ஆங்கீரச வருஷம், கார்த்திகை 9

விடாத மழை. கொல்லைப்புறத்து ஓட்டில் மறுபடியும் ஒழுக்கு. அடியில் வைத்த அண்டாவைக் காலி செய்வதே இன்று வேலையாகப் போயிற்று.

மத்தியானம் மாமா பட்டணத்திலிருந்து வந்து சேர்ந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி, வைத்திலிங்க நட்டுவனார். அக்காவுக்கும் எனக்கும் ஆட்டம் சொல்லிவைத்தவர். நனைந்த வேட்டியைக்கூட மாற்றாமல் கூடத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். மயிலாப்பூரில் ஒரு சங்கீத சபை மார்கழியில் அக்காவையும் என்னையும் ஆடச் சொல்லிக் கேட்கிறதாம். கல்யாண வீட்டில் அல்ல, பண்ணையார் கூடத்திலும் அல்ல. பந்தல் போட்டு, மேடை கட்டி, சீட்டு வாங்கி வந்து உட்காருகிறவர்களுக்கு முன்னால்.

"மேடை ஏறி ஆடறதுக்கு நாம என்ன நாடகக்காரியா?" என்றாள் அம்மா.

"காலம் மாறுது அக்கா. கல்யாணத்துல சதிர் வெக்கவே ஜனங்க பயப்படுறாங்க. ஆடி போயி இதுவரைக்கும் உன் வாசலுக்கு யாராவது வெத்திலைபாக்கோட வந்தாங்களா, சொல்லு."

அம்மா அண்டாவைக் கொட்டி வைத்துவிட்டு வந்து, "சரி, போயிட்டு வரட்டும். ஆனா தையில செண்பகத்துக்குப் பொட்டு. அதுல மாத்தமில்லை" என்றாள்.

செண்பகம் அக்காவின் மகள். பதினொரு வயது. சுவாமி சந்நிதியில் பொட்டுக் கட்டிவிட்டால் அவள் கோயிலுக்கு உரியவள். அப்புறம் எந்த மனிதனும் அவளுக்குத் தாலி கட்ட முடியாது. அம்மாவுக்குக் கட்டியிருக்கிறது, அக்காவுக்கும், எனக்கும். எங்கள் தெருவில் இது புதிதல்ல.

அக்கா முறத்தை எடுத்துக்கொண்டு போய், காலையில் புடைத்து வைத்த அரிசியையே மறுபடி புடைத்தாள்.

கார்த்திகை 11

காலையிலிருந்து சாதகம். மாமாவின் தட்டுக்கழி சத்தத்தில் தெருவே எழுந்திருக்கும். அக்காவுக்கு முழங்காலில் வீக்கம். உட்கார்ந்து எழும் இடங்களில் உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

தூணோரமாக நின்றிருந்த செண்பகம் நாங்கள் ஆடியதை அப்படியே ஆடிக்கொண்டிருந்தாள். யாரும் அவளுக்கு அந்தக் கோர்வையைச் சொல்லிக் கொடுக்கவில்லை. மாமா கழியை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். செண்பகத்தைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி உள்ளே அனுப்பினேன். எனக்குத் தாகமொன்றும் இல்லை.

கார்த்திகை 15

தம்பி குஞ்சிதபாதம் கும்பகோணத்திலிருந்து வந்தான். அங்கே பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நம் ஜாதிக்காரர்கள் சிலர் கூடிப் பொட்டுக் கட்டுவதை ஒழிக்க வேண்டுமென்று ஒரு சங்கம் நடத்துகிறார்கள். அதில் அவன்தான் இப்போது எல்லாம்.

வந்ததும் வராததுமாக, "பெரியக்கா, செண்பகத்தை எங்கூட அனுப்பு. பள்ளிக்கூடத்துல சேத்துடறேன்" என்றான்.

அக்கா அம்மாவைப் பார்த்தாள்.

"அவ எப்படி ஆடுறான்னு நீ பாத்திருக்கியாடா?" என்று நான் கேட்டேன்.

"ஆடட்டும். ஆடி? சின்னக்கா, ஆட்டத்தையும் பொட்டையும் உன்னால பிரிக்க முடியாது. ஆட்டம் இருக்கற வரைக்கும் பொட்டு இருக்கும். பொட்டு இருக்கற வரைக்கும் வாசல்ல எவனாவது வண்டியை நிறுத்துவான்."

"அந்த வண்டி வந்து நின்னுதான்டா நீ காலேஜுக்குப் போனே" என்றாள் அம்மா.

"அதனாலதாம்மா சொல்றேன்" என்றான் தம்பி மெதுவாக.

மாமா பட்டணத்து விஷயத்தைச் சொன்னதும் அந்த மெதுவும் போய்விட்டது. "நீங்க அங்க ஆடினா நான் வாசல்ல நிப்பேன். சங்கம் பூராவும் வந்து நிக்கும். அக்கான்னு பாக்க மாட்டேன்" என்றான். அம்மாவைப் பார்த்து, "தையில இந்தக் குழந்தைக்குப் பொட்டுக் கட்டினா போலீசுல எழுதிக் குடுப்பேன். சின்னக் குழந்தையைப் பாழாக்கறது குத்தம்னு சட்டம் இப்பவே இருக்கு" என்றான்.

"எழுதிக் குடு. பெத்தவளை ஜெயில்ல போட்ட பிள்ளைன்னு பேரு வாங்கிக்க."

சாப்பிடாமலே கிளம்பிவிட்டான். அவனுக்கென்று வறுத்த வாழைக்காயை நாங்கள் யாரும் தொடவில்லை.

கார்த்திகை 16

செண்பகத்துக்குத் தலை வாரிவிட்டேன். ஒரே பேன்.

கார்த்திகை 22

கோயில் தர்மகர்த்தா வீட்டிலிருந்து தாம்பாளம் வந்தது. பூ, பழம், சந்தனம், ஒரு பட்டுப்புடவை. செண்பகத்தின் பொட்டுக்காம். கோயில் மரியாதை என்று கொண்டுவந்த ஆள் சொன்னான். கோயில் மரியாதையானால் சந்நிதியிலிருந்து வர வேண்டும். தர்மகர்த்தாவின் சொந்த வண்டியில் ஏன் வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் வீட்டம்மாள் தவறிப்போனார்கள்.

செண்பகம் புடவையைப் பிரித்துத் தோளில் போட்டுப் பார்த்தாள். வளர்ந்த பெண்களுக்கான எட்டு கஜம். அவளை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் மிச்சம் தரையில் கிடந்தது. "சித்தி, இதைக் கட்டிக்கிட்டு எப்படி ஆடறது?" என்று சிரித்தாள்.

அக்கா புடவையை வாங்கி மடித்தாள். மடிப்பு சரியாக வரவில்லை என்று பிரித்தாள், மறுபடி மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

கார்த்திகை 23

அம்மா மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து மாவைத் தள்ளிவிட்டேன்.

"அம்மா, பொட்டுக் கட்டறதே ஆடறதுக்குத்தானே?"

"ஆடறதுக்கு. சாமிக்கு முன்னால கும்ப தீபம் சுத்தறதுக்கு. செத்தா சாமி கழுத்து மாலை நம்ம மேல விழறதுக்கு. இதெல்லாம் எந்த வீட்டுப் பொம்பளைக்குடி கெடைக்கும்?"

"பொட்டு இல்லாமலே, மரியாதையா ஆட ஒரு எடம் இருந்தா?"

குழவி நின்றது. "எங்க? அந்தப் பட்டணத்து மேடையா?"

"ஆமா."

"ஒரு நாள் ஆடவிட்டு அனுப்பிடுவாங்க. அப்புறம்?"

"திரும்பவும் கூப்பிட்டா?"

அம்மா குழவியில் ஒட்டிய மாவை வழித்துவிட்டு, "கூப்பிடட்டும். மரியாதையா நடத்தி, வருஷா வருஷம் வான்னு சொல்லட்டும். அப்ப தைக்கு அவசரமில்லைன்னு தர்மகர்த்தாகிட்ட நானே சொல்லிக்கறேன். கூப்பிடலேன்னா அதுக்கு மேல நீ வாயைத் திறக்கக் கூடாது" என்றாள்.

திறக்க மாட்டேன் என்று கையில் அடித்துச் சொன்னேன்.

மார்கழி 2

விடியற்காலையில் திருப்பள்ளியெழுச்சிக்குக் கோயிலுக்குப் போனால், மதில் சுவர் முழுக்கத் துண்டுப் பிரசுரம். 'பட்டணத்துப் படித்தவர்களே, தாசிகளை மேடை ஏற்றாதீர்கள்' என்று கொட்டை எழுத்து. கீழே அக்கா பெயரும் என் பெயரும். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. தம்பி எழுதியதாகத்தான் இருக்கும்.

அம்மா ஈரத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுத்தாள். நானும் அக்காவும் விளக்கேற்றினோம். போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

மார்கழி 10, பட்டணம்

ரயிலில் உட்காரவே இடமில்லை. தங்கசாலையில் மாமாவுக்குத் தெரிந்த வீணைக்கார அம்மாள் வீட்டில் தங்கியிருக்கிறோம். செண்பகத்தை ஊரில் அம்மாவிடம் விட்டு வந்திருக்கிறோம். வரும்போது வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள்.

சாயங்காலம் சபைக் காரியதரிசி ராமபத்ரய்யரைப் பார்க்கப் போனோம். நல்ல மனுஷர். நாற்காலி போடச் சொன்னார். ஆனால் நான் எது கேட்டாலும் பதிலை மாமாவைப் பார்த்தே சொன்னார்.

"ஓய், நோட்டீசுல சதிர்னு போடலை. பரத நாட்டியம்னு போட்டிருக்கேன். சதிர்னா இங்க முகத்தைச் சுளிக்கறா. அப்புறம் பாட்டுக்காரா எல்லாம் ஆடறவா பின்னாடியே நடந்து வராளோன்னோ, அது வேண்டாம். ஓரமா ஜமக்காளத்துல உக்காந்துக்கட்டும்."

மாமா தலையாட்டினார்.

"அந்தக் கடைசிப் பதம், வேற ஒருத்தி ஆத்துக்குப் போயிட்டு வந்த நாயகனை வாசல்லயே நிறுத்திக் கேக்கறாளே, அதையும் எடுத்துடலாம். பக்தியா ஏதாவது இருந்தா போதும்."

அது அக்காவின் பதம். அதை அவள் ஆடி எங்கள் ஊரில் அழாதவர்கள் இல்லை. அக்கா, "சரிங்க" என்றாள்.

வாசலில் ஆட்கள் வந்து கூச்சல் போடப்போவதாகக் காரியதரிசி கேள்விப்பட்டாராம். போலீசுக்குச் சொல்லிவைத்திருக்கிறாராம். அந்த ஆட்களில் ஒருவன் எங்கள் தம்பி என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை.

மார்கழி 13

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நாங்கள் பந்தலுக்குப் போனபோதே வாசலில் கறுப்புக் கொடிகள். வண்டியின் திரையை இறக்கிவிட்டிருந்தார்கள். வெளியே கோஷம். நடுவில் ஒரு குரல் தனியாகக் கேட்டது. எனக்கு அந்தக் குரலைத் தெரியும். அது பேச ஆரம்பித்த நாளிலிருந்து தெரியும்.

மேடைக்குப் பின்னால் சலங்கை கட்டிக்கொண்டிருந்தோம். அக்கா படுதாவை விலக்கிக் கூட்டத்தைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நான் போய் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். முன்வரிசையில் கீழப்பண்ணை முதலாளி. செண்பகத்தின் தகப்பனார். பட்டணத்துக்குக் குடிபோன பிறகு அவர் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. பக்கத்தில் அவர் சம்சாரம். இருவருக்கும் நடுவில் பட்டுப்பாவாடை கட்டிய ஒரு பெண். செண்பகத்தின் வயசிருக்கும். அதே நெற்றி. அவர் குனிந்து அந்தப் பெண்ணுக்கு மேடையைக் காட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா கீழே உட்கார்ந்து சலங்கையை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"அக்கா, என்ன பண்றே? மணி அடிச்சாச்சு."

"நீ போ நவநீதம். என்னால முடியாது."

"இன்னிக்கு ஆடலேன்னா தையில என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமா?" அம்மாவிடம் பேசியதை அவளுக்கு நான் சொன்னதே இல்லை. அந்த அவசரத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அவிழ்த்த சலங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு, "அப்ப நீ ரெண்டு பேருக்கும் சேத்து ஆடு" என்றாள்.

அக்காவுக்குக் கால் வலி என்று காரியதரிசியிடம் மாமா சொன்னார். நான் தனியாகப் போனேன்.

பாதிக்கு மேல் நாற்காலிகள் காலி. பாட்டுக்காரர்கள் ஓரத்தில் உட்கார்ந்ததால் என் முதுகுக்குப் பின்னால் யாருமே இல்லை. அப்படி நான் ஆடியதே கிடையாது. மாமாவின் தாளம் எங்கோ தூரத்திலிருந்து வருவது போலிருந்தது.

வர்ணத்தின் நடுவில் பந்தல் தகரத்தில் கல் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. பெண்கள் பகுதியில் எழுந்துவிட்டார்கள். வாசலில் ஓடுகிற சத்தம், விசில் சத்தம், யாரோ அலறுகிற சத்தம். மிருதங்கக்காரர் கையை எடுத்துவிட்டார். மாமா தாளத்தை விடவில்லை. நானும் நிற்கவில்லை. எழுந்தவர்களைப் பார்த்துக்கொண்டே, அவர்கள் உட்காரும்வரை, அதே வரியை மறுபடி மறுபடி எடுத்து ஆடினேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவனைப் பற்றிய வரி. ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி கேட்டேன். கெஞ்சிக் கேட்டேன், கோபமாகக் கேட்டேன், போனால் போகட்டும் என்று கேட்டேன். கடைசியில் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். மிருதங்கம் சேர்ந்துகொண்டது.

முடிந்தபோது கை தட்டினார்கள். பலமாகத்தான் தட்டினார்கள். கீழப்பண்ணை முதலாளியும் தட்டினார்.

உள்ளே வந்தபோது அக்கா, அவிழ்த்த சலங்கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் வீணைக்கார அம்மாள் ஓடி வந்து சொன்னாள். வாசலில் போலீசு தடியால் அடித்துவிட்டதாம். நிறையப் பேருக்குக் காயம். கும்பகோணத்து வாத்தியார் ஒருவருக்கு மண்டை உடைந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்களாம்.

மார்கழி 14

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தம்பி தலையில் பெரிய கட்டு. ஒரு கண் திறக்கவில்லை. என்னைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கல்லை நாங்க போடலை. யாரோ வேடிக்கை பாக்க வந்தவன் போட்டான். அடி எங்களுக்கு" என்றான் சுவரிடம்.

"நான் குழந்தைக்காகத்தான்டா ஆடினேன்."

"குழந்தைக்காகன்னா போலீசுல எழுதிக் குடு."

"அம்மா மேலயா?"

கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை ஜன்னலில் வைத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது காரியதரிசி தங்கசாலை வீட்டுக்கே வந்திருந்தார். மாமாவோடு பேசிக்கொண்டிருந்தார். அக்கா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். நானும் போய் நின்றேன்.

"பிரமாதம் ஓய். கலைன்னா அதுதான் கலை, சந்தேகமே இல்லை. ஆனா அந்தக் கூச்சல், ரத்தம்... கமிட்டியில எல்லாரும் ஆடிப் போயிட்டா. அதனால யோசனை பண்ணினோம். அடுத்த வருஷம் எங்காத்துப் பொண்ணு மங்களாவையே மேடை ஏத்தலாம்னு இருக்கேன். நல்ல குடும்பத்துப் பொண்கள் ஆடினா எவன் வந்து வாசல்ல கத்தப் போறான்? இவா இங்கயே வந்து இருந்து சொல்லிக் குடுக்கட்டும். ஜாகை நான் பாத்துத் தரேன்."

நான் வெளியே வந்து கேட்டேன். "அடுத்த வருஷம் நாங்க ஆட வேண்டாமா?"

அவர் மாமாவைப் பார்த்தார். "சொல்லிக் குடுக்கறதும் பெரிய கைங்கரியம்தானே ஓய்?"

மார்கழி 16, ஊர்

வந்து சேர்ந்தோம். செண்பகத்துக்குப் பட்டணத்து ரிப்பன் வாங்கி வந்தேன்.

அம்மா காபி கொடுத்துவிட்டு, "என்ன சொன்னாங்க?" என்றாள். "அடுத்த வருஷத்தைப் பத்தியும் காரியதரிசி பேசினார். எங்களை வரச் சொல்லியிருக்கார்" என்றேன். இரண்டும் நடந்ததுதான்.

தம்பி மண்டையில் அடிபட்டதையும் சொன்னேன். அம்மா சுவாமி உள்ளுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்கழி 19

கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது மாமா பின்னாலேயே வந்தார்.

"உங்கம்மாகிட்ட என்னடி சொன்னே?"

"நடந்ததைத்தான் மாமா."

"முழுசாவா?"

அவருக்குச் சூடாக இன்னொரு காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார். அப்புறம் கேட்கவில்லை.

மார்கழி 27

அம்மா தர்மகர்த்தாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். முகூர்த்தம் இப்போதைக்கு வேண்டாம் என்று. பதில் வரவில்லை. தாம்பாளமும் புடவையும் இன்னும் எங்கள் பெட்டியில்தான் இருக்கின்றன. அம்மா அவற்றைத் திருப்பி அனுப்பவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

அக்கா எல்லாவற்றையும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவள். என்னிடம் ஒரு வார்த்தை அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் சமையல்கட்டில் அம்மாவோடு தனியாக இருக்கும்போதெல்லாம் எனக்கு அங்கே ஏதாவது வேலை வந்துவிடுகிறது.

தை 1

பொங்கல். தம்பி வரவில்லை. செண்பகம் கரும்பைக் கடித்து வாயைக் கிழித்துக்கொண்டாள்.

தை 6

தர்மகர்த்தா இன்று தானே வந்தார். கூடத்து நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அம்மா நின்றாள்.

"என்ன தனகோடி, முகூர்த்தத்தை வேண்டாம்னு சொன்னியாமே?"

"பட்டணத்துல பொண்ணுங்களை மறுபடியும் கூப்பிட்டிருக்காங்க. குழந்தைக்கும் அதே வழியில ஏதாவது வரும்னு..."

"கூப்பிட்டிருக்காங்களா?" அவர் சிரித்தார். "நேத்து மெட்ராசுலேருந்து என் மச்சினன் வந்தான். அந்தச் சபையில அவனும் மெம்பரு. அடுத்த வருஷம் அய்யர் வீட்டுப் பொண்ணுங்களே ஆடப்போறாங்களாம். இவங்களுக்கு அங்க எடமில்லையாம். உங்கிட்ட யாரு என்ன சொன்னா?"

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். சமையல்கட்டில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. யாரும் போகவில்லை.

"என்னைப் பாத்துச் சொல்லுடி" என்றாள் அம்மா.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே, "நீ வேண்டாம்" என்றாள். அக்கா பக்கம் திரும்பினாள். "சபாரஞ்சிதம், நீ சொல்லு. நீயும் அங்கதானே இருந்தே. கூப்பிட்டாங்களா இல்லையா?"

அக்கா தூணைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா பேச்சை மீறியும் கேட்டதில்லை. பொட்டுக் கட்டு என்றபோது கட்டிக்கொண்டாள். பண்ணைக்குப் போ என்றபோது போனாள். அவர் வருவதை நிறுத்தியபோதும் யாரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

"கூப்பிட்டாங்க" என்றாள் அக்கா.

தர்மகர்த்தா சிரிப்பை நிறுத்தினார்.

"செண்பகத்தையும் கூட்டிக்கிட்டு வரச் சொன்னாங்க. இந்த மாசியிலேயே. தங்கச்சிதான் மறந்துபோயி அதைச் சொல்லலை." குரல் நடுங்கவே இல்லை. "பட்டணத்துக்குப் போற குழந்தைக்கு இங்க பொட்டு எதுக்கு?"

"தனகோடி, இது பச்சைப் பொய்யின்னு உனக்குத் தெரியாதா?"

அம்மா உள்ளே போனாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தாம்பாளத்தோடு திரும்பி வந்தாள். பட்டுப்புடவை மேலே இருந்தது. அவர் காலடியில் வைத்துவிட்டு, "எம்பொண்ணு சொல்றா" என்றாள். "கொண்டுபோயிடுங்க."

"கோயில்ல இனிமே நீ எப்படி நிக்கறேன்னு பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார். தாம்பாளத்தை அவர் எடுக்கவில்லை. வண்டிக்காரன் வந்து எடுத்துக்கொண்டு போனான்.

தை 7

அடி கருகிப்போன பால் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்து பக்கத்தில் நின்றாள்.

"யாரும் கூப்பிடலை. அப்படித்தானே?"

நான் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"எனக்கு அவர் சொல்றப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றாள். "சபாரஞ்சிதம் பொறந்ததுலேருந்து எனக்கு எதிரா ஒரு வார்த்தை பேசினதில்லை. நேத்துப் பேசினா. அது பொய்யா இருந்தா என்ன, நெசமா இருந்தா என்ன?"

சாம்பலை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனாள்.

தை 10

காரியதரிசிக்கு மாமா கடிதம் போட்டார். சொல்லிக் கொடுக்க நான் வருவதாக. குழந்தை ஒன்று கூட வரும் என்றும்.

தைப்பூசம்

அம்மா மஞ்சள் பூசிக் குளித்து, கும்ப தீபம் சுற்றக் கோயிலுக்குப் போனாள். எல்லாப் பூசத்துக்கும் அவள்தான் சுற்றுவாள். சுவாமி புறப்பாட்டு மேளம் கேட்ட கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிட்டாள். தீபம் வேறு யாரோ கையில் இருந்ததாம். மேளக்காரர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம். அவ்வளவுதான் சொன்னாள். கத்தரிக்காயை எடுத்து வைத்துக்கொண்டு நறுக்க ஆரம்பித்தாள். வீட்டில் இருந்த கத்தரிக்காய் முழுவதையும் நறுக்கிவிட்டாள். நான்கு நாளைக்கு ஆகும்.

மாசி 4

கிளம்பும் நாள். அக்கா செண்பகத்துக்குத் தலை பின்னினாள். பின்னி முடித்ததும் அவிழ்த்து மறுபடி பின்னினாள். வண்டிக்காரன் சத்தம் போட்ட பிறகுதான் விட்டாள். அவள் ஸ்டேஷனுக்கு வரவில்லை. அம்மாவைத் தனியாக விட முடியாது என்றாள்.

கும்பகோணத்தில் ரயில் நின்றபோது தம்பி பிளாட்பாரத்தில் நின்றிருந்தான். மாமா சொல்லியிருக்க வேண்டும். நெற்றியில் தழும்பு, இன்னும் சிவப்பாக. ஜன்னலோரம் வந்து செண்பகத்தின் கையைப் பிடித்துக்கொண்டான். என்னைப் பார்க்காமல் என்னிடம் கேட்டான்.

"பள்ளிக்கூடம்?"

"சேக்கறேன். வீணைக்கார அம்மா வீட்டுக்குப் பக்கத்துலேயே இருக்கு."

"ஆட்டம்?"

"அதுவும்."

ஏதோ சொல்ல வாயெடுத்தான். செண்பகம், "மாமா, மண்டையில வலிக்குதா?" என்று கேட்டாள். இல்லை என்றான். ரயில் நகர்ந்தது. கூடவே நடந்தான், பிறகு ஓடினான். பிளாட்பாரம் முடியும் வரை அவள் கையை விடவில்லை. ஆனால் சரி என்று அவன் சொல்லவில்லை.

மாசி 9, பட்டணம்

இன்று முதல் பாடம்.

மயிலாப்பூரில் காரியதரிசி வீட்டுக்கு நாங்கள் போனபோது மங்களா கூடத்தில் பாவாடையை இழுத்துச் சொருகிக்கொண்டு தயாராக நின்றிருந்தாள். செண்பகத்தைவிட இரண்டு வயசு மூத்தவளாக இருப்பாள். எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தாள். அவள் அம்மா குறுக்கே வந்து, "குழந்தை கொல்லைப்பக்கம் கிணத்தடியில உக்காந்திருக்கட்டும். பாடம் முடிஞ்சதும் கூட்டிண்டு போங்கோ" என்றார்.

"அவளும் ஆடுவாங்க" என்றேன்.

"மங்களாவுக்குத்தானே பாடம்?"

"ரெண்டு பேருக்கும்தாங்க. இல்லேன்னா எனக்கு வேண்டாம்."

இதைச் சொல்ல வேண்டும் என்று நான் யோசித்து வரவில்லை. இங்கேயிருந்து அனுப்பிவிட்டால் ஊருக்குத் திரும்பவும் வழியில்லை. ஊரில் அந்தப் புடவை இன்னும் யார் பெட்டியிலோ இருக்கிறது. அந்த அம்மாள் உள்ளே போனார். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. காரியதரிசியின் குரல், அந்த அம்மாளின் குரல், மறுபடி காரியதரிசியின் குரல். நாங்கள் வாசற்படியில் வெயிலில் நின்றோம். செண்பகம் என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "போயிடலாமா சித்தி?" என்று கேட்டாள். "நில்லு" என்றேன். கதவின் இந்தப் பக்கம் நாங்களும் அந்தப் பக்கம் மங்களாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நின்றோம். மங்களாவும் உட்காரவில்லை.

வெகுநேரம் கழித்து அந்த அம்மாள் வந்தார். என்னைப் பார்க்காமல், "உள்ளே வரச் சொன்னார்" என்றார்.

இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். மிதிக்கப்போகிறேன், பொறுத்துக்கொள் என்று பூமியைத் தொட்டுக் கும்பிடச் சொன்னேன். இரண்டு பேரும் கும்பிட்டார்கள். மாமா கொடுத்தனுப்பிய கழியை எடுத்து முதல் தட்டுத் தட்டினேன். நான்கு கால்களும் ஒன்றாகத் தரையில் விழுந்தன.

யார் கால் சத்தம் பலமாகக் கேட்டது என்று இங்கே எழுதப்போவதில்லை. நாளைக்கும் காலையிலேயே வரச் சொல்லியிருக்கிறார்கள்.